விண்டோஸா, லினக்ஸா? திறந்த மூலத்துக்கும் தனியுரிமைக்கும் இடையிலான நாற்பது ஆண்டுப் போட்டி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் ஓராண்டு நீட்டிப்பாக, பதிந்துகொள்வோருக்குக் கிடைக்கின்றன. கொவிட் காலத்தில் பிள்ளைகளின் இயங்கலை வகுப்புக்காகச் சிக்கனமாக வாங்கிய மடிக்கணினி, ஆலயச் செயலவையின் கணக்கைத் தாங்கி நிற்கும் பழைய மேசைக்கணினி, சிறுகடையில் ரசீது அச்சிடும் கணினி ஆகியவற்றில் பல விண்டோஸ் 11ஐ ஏற்காதவை. கணினி பழுதாகவில்லை; ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதை இயக்கும் மென்பொருளின் உரிமையாளர், இனி அதைக் கவனிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

இந்த நிலையில் மக்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. புதுக் கணினி வாங்குவது ஒன்று. யாரோ ஒருவரிடம் கொடுத்துத் திருட்டு நகலைப் போட்டுக்கொள்வது இன்னொன்று. மூன்றாவதாக, 'லினக்ஸ் போடலாம்' என்ற யோசனையும் காதில் விழுகிறது. அந்த மூன்றாவது வழி எங்கிருந்து வந்தது, அதை நம்பலாமா என்பதைப் புரிந்துகொள்ள, மென்பொருள் உலகில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு போட்டியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எது திறந்த மூலம், எது தனியுரிமை?

எந்த மென்பொருளும் முதலில் மனிதர்கள் படிக்கக்கூடிய கட்டளைகளாகவே எழுதப்படுகிறது. அதை மூலநிரல் என்கிறோம். பிறகு அது கணினிக்கு மட்டுமே புரியும் வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. நாம் கடையில் வாங்கும் மென்பொருளில் இந்த இரண்டாம் வடிவம் மட்டுமே இருக்கும்.

கறித்தூளை எண்ணிப் பாருங்கள். பொட்டலத்தில் வாங்கினால் சுவை நன்றாகவே இருக்கும். ஆனால் எந்தச் சரக்கு எந்த அளவில் சேர்ந்தது என்பது தயாரிப்பாளருக்கு மட்டுமே தெரியும். வீட்டில் எழுதி வைத்த அளவின்படி மாவு மில்லில் அரைத்து வாங்கினால், அடுத்த முறை மிளகாயைக் குறைக்கலாம், மல்லியைக் கூட்டலாம், அந்தக் குறிப்பைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். முதலாவது தனியுரிமை மென்பொருள். இரண்டாவது திறந்த மூல மென்பொருள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த மூலம் அல்ல. வாட்ஸ்அப்புக்கு நாம் காசு கொடுப்பதில்லை. ஆனால் அந்தச் செயலி மெட்டா நிறுவனத்தின் தனியுரிமை. மறுபக்கம், ரெட் ஹேட் நிறுவனம் திறந்த மூல லினக்ஸை வைத்துக்கொண்டு, அதற்கான பராமரிப்புக்கும் உதவிக்கும் கட்டணம் வாங்குகிறது. ஆங்கிலத்தில் இலவசத்தையும் சுதந்திரத்தையும் ஒரே சொல்லால் குறிப்பதால் அங்கே இந்தக் குழப்பம் தீராத ஒன்று. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. அதனால்தான் தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் பலர் 'கட்டற்ற மென்பொருள்' என்ற சொல்லை விரும்புகிறார்கள்.

ஒரு கடிதமும் ஓர் அறிவிப்பும்

1976 பிப்ரவரியில், இருபது வயதான பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டேர் என்ற சிறிய கணினிக்காக அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் மென்பொருளைப் பலர் காசு கொடுக்காமல் படியெடுத்துப் பயன்படுத்தினர். உழைப்புக்குக் கூலி கிடைக்காவிட்டால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. தனியுரிமை மென்பொருள் தொழில் முழுவதும் நிற்பது இந்தக் கேள்வியின் மீதுதான். அது நியாயமான கேள்வி என்பதை மறுக்க முடியாது.

ஏழு ஆண்டுகள் கழித்து எதிர்த்திசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கிருந்த அச்சுப்பொறி அடிக்கடி சிக்கிக்கொண்டதால் அதன் மென்பொருளைத் தாமே திருத்த நினைத்தார். மூலநிரல் கொடுக்கப்படவில்லை. தம்மிடம் உள்ள கருவியைத் தாமே சரிசெய்ய முடியாத நிலை தவறானது என்று அவர் முடிவுக்கு வந்தார். 1983 செப்டம்பரில் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1989இல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தை வெளியிட்டார்.

அந்த உரிமத்தின் நுட்பம் எளிமையானது. இந்த மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தியதை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது, அதன் மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். பொதுக் கிணற்றில் யாரும் நீர் இறைக்கலாம். கிணற்றைச் சுற்றி வேலி போட முடியாது.

ஹெல்சிங்கி மாணவர்

குனு திட்டத்தில் பல பாகங்கள் தயாராகிவிட்டன. ஆனால் இயங்குதளத்தின் மையமான கருநிரல் மட்டும் முடியவில்லை. 1991 ஆகஸ்ட் 25ஆம் தேதி, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதிவருவதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அதுவே லினக்ஸ். மறு ஆண்டே அதை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். ஒருவரை ஒருவர் பார்த்திராத நிரலர்கள் பல நாடுகளிலிருந்து அதில் பங்களிக்கத் தொடங்கினர்.

தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. 1998 இறுதியில் கசிந்த மைக்ரோசாப்ட்டின் உள்சுற்று ஆவணங்கள் வேறு கதை சொல்லின. லினக்ஸும் அதைப் போன்ற முயற்சிகளும் தங்கள் வணிகத்துக்கு உண்மையான அச்சுறுத்தல் என்று அவற்றில் மதிப்பிடப்பட்டிருந்தது. 2001இல் அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர், லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பேசியது உலகச் செய்தியானது.

உலாவிப் போர்

பொதுமக்கள் நேரில் உணர்ந்த மோதல், இணைய உலாவியில் நடந்தது. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி முன்னணியில் இருந்தது. மைக்ரோசாப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்தது. ஏற்கெனவே கணினியில் இருக்கும்போது வேறொன்றை யார் தேடுவார்? நெட்ஸ்கேப் சரிந்தது. 1998 மே மாதம் அமெரிக்க அரசாங்கம் மைக்ரோசாப்ட் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என 2000ஆம் ஆண்டில் வந்த ஆணை, மறு ஆண்டு மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது.

அதற்குள் நெட்ஸ்கேப் ஒரு முடிவு எடுத்திருந்தது. 1998இல் தன் மூலநிரலையே உலகுக்குத் திறந்துவிட்டது. 'திறந்த மூலம்' என்ற பெயரும் அந்த ஆண்டில்தான் பிறந்தது. அந்த நிரலின் வழியில் உருவான மோசில்லா திட்டம், 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் முதல் பதிப்பை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எக்ஸ்புளோரர் பயன்படுத்திய காலம் மெல்ல மாறத் தொடங்கியது.

மியூனிக் நகரின் அனுபவம்

ஓர் அரசாங்க அமைப்பு முழுமையாக மாற முடியுமா என்ற கேள்விக்கு, ஜெர்மனியின் மியூனிக் நகரம் நல்ல சான்று. அந்நகர மன்றம் 2003இல், ஏறத்தாழ 14,000 கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்ற முடிவு செய்தது. அதைத் தடுக்க ஸ்டீவ் பால்மரே நேரில் சென்று நகர மேயரைச் சந்தித்தார். விலைக் குறைப்பும் முன்வைக்கப்பட்டது. மன்றம் அசையவில்லை. 2013இல் மாற்றப் பணி நிறைவுபெற்றது.

கதை அங்கே முடியவில்லை. மற்ற அலுவலகங்களிலிருந்து வரும் ஆவணங்கள் சரியாகத் திறக்கவில்லை, சில சிறப்பு மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடுகின்றன என்ற புகார்கள் தொடர்ந்தன. 2017இல் மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. 2020இல் அமைந்த புதிய கூட்டணி, முடிந்தவரை திறந்த மூலத்துக்கே முன்னுரிமை என்று மறுபடியும் அறிவித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம், 30,000 கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கு மாற்றப் போவதாக 2024இல் அறிவித்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. மென்பொருளை மாற்றுவது எளிது. அதைச் சுற்றியுள்ள பழக்கத்தையும் ஆவண வடிவங்களையும் மாற்றுவதுதான் கடினம்.

நம் இரு நாடுகளில்

மலேசியாவில் மாம்பு எனப்பட்ட அரசாங்க நிர்வாக நவீனமயப் பிரிவு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை 2004 ஜூலையில் தொடங்கியது. அதற்கென ஒரு திறன் மையமும் அமைக்கப்பட்டது. அரசாங்கக் கூட்டங்களை நிர்வகிக்கும் மைமீட்டிங் என்ற மென்பொருள் அந்த முயற்சியில் உருவான ஒன்று. சிங்கப்பூரில் அதே ஆண்டில் தற்காப்பு அமைச்சு சில ஆயிரம் கணினிகளில் ஓப்பன் ஆபிஸை நிறுவியது. 2020 ஏப்ரலில், டிரேஸ்டுகெதர் செயலிக்கு அடிப்படையான நிரலைச் சிங்கப்பூர் அரசாங்கம் ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் பொதுவில் வெளியிட்டது. கிருமித்தொற்றுத் தடமறியும் செயலி தங்களைப் பற்றி எதைச் சேகரிக்கிறது என்ற ஐயம் மக்களுக்கு இருந்தபோது, நிரலைத் திறந்து காட்டுவது ஒரு பதிலாக அமைந்தது.

மலேசியப் பள்ளிகளின் அனுபவம் வேறு விதமானது. 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்கு வந்த ஃபிராக் என்ற மெய்நிகர் கற்றல் தளம், 2019 நடுவில் நிறுத்தப்பட்டு, கூகுள் கிளாஸ்ரூம் கொண்டுவரப்பட்டது. 2020இல் அது டெலிமா தளமாக விரிவடைந்தது. ஃபிராக்கும் தனியுரிமை, அதன் இடத்துக்கு வந்ததும் தனியுரிமை. ஒரு தளத்தில் ஆசிரியர் உருவாக்கும் பாடங்கள், அந்தத் தளத்துக்கான ஒப்பந்தம் முடியும்போது என்னவாகும் என்பது ஒவ்வொரு பள்ளியும் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி.

தமிழ் பட்ட பாடு

பூட்டிய வடிவம் என்றால் என்ன என்பதைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990களில் தமிழ் இணையத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு அது அனுபவம். ஒவ்வோர் எழுத்துருத் தயாரிப்பாளரும் ஒவ்வொரு குறியாக்கத்தைப் பின்பற்றினர். ஒரு நாளிதழின் தளத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, இன்னொன்றுக்கு வேறு எழுத்துரு. ஒரு மென்பொருளில் தட்டச்சு செய்த கட்டுரையை இன்னொன்றில் திறந்தால், 'அம்மா' இருந்த இடத்தில் புரியாத குறிகள் நிற்கும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் நம் இரு நாடுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி. 1997இல் தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. இறுதியில் தீர்வு தந்தது, யாருக்கும் சொந்தமில்லாத பொதுத் தரமான யூனிகோட். இன்று எந்தக் கைப்பேசியிலும் எந்த எழுத்துரு நிறுவாமலும் இந்தச் செய்தியைப் படிக்க முடிவது அதனால்தான்.

இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தமிழுக்கு இரு தரப்பும் செய்திருக்கின்றன. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வணிக மென்பொருள்தான். மலேசியா, சிங்கப்பூரின் பல பள்ளிகளுக்கும் அச்சகங்களுக்கும் கணினித் தமிழைக் கொண்டுசென்றது அதுவே. அவரது இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே சேர்ந்து வந்தது. 2005இல் அறிமுகமான செல்லினம், கைப்பேசியில் தமிழ் எழுத வழி திறந்தது. மைக்ரோசாப்ட் விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழுக்கு இடம் கொடுத்தது.

திறந்த மூலத்தின் பக்கத்தில், தமிழா குழுவின் இ-கலப்பை விசைப்பலகை கட்டணமின்றிக் கிடைத்தது. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்றவற்றைத் தன்னார்வலர்கள் தமிழாக்கினர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இயக்குவதும் திறந்த மூல மென்பொருளே. அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்தால் எழுத்தாக மாற்றித் தரும் டெசராக்ட், எச்பி நிறுவனத்தில் தனியுரிமையாகப் பிறந்து, 2005இல் திறக்கப்பட்டது. இன்று தமிழையும் படிக்கிறது.

வேறுபாடு ஒன்றில்தான் உள்ளது. தனியுரிமை மென்பொருளில் தமிழ் வேண்டுமா வேண்டாமா என்பதை, சந்தையைக் கணக்கிட்டு நிறுவனம் முடிவு செய்யும். திறந்த மூலத்தில் நாமே செய்துகொள்ளலாம். செய்ய ஆள் இல்லாவிட்டால் நடக்காது என்பதும் உண்மை.

எது பாதுகாப்பானது?

எல்லாரும் பார்க்கக்கூடிய நிரலில் பிழை மறையாது என்பது திறந்த மூலத்தின் வாதம். அது பாதி உண்மை. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. உலகமே பயன்படுத்திய அந்த நிரலைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறிய நிரலில், நல்ல பங்களிப்பாளராக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் திட்டமிட்டே கள்ளவழி வைத்திருந்தது தெரியவந்தது. உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்த ஒரு பொறியாளரால் பேராபத்து தவிர்ந்தது. அவர் மைக்ரோசாப்ட் ஊழியர். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது.

மூடிய நிரலும் காவல் அல்ல. 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான மேம்பாடு ஒன்று, உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன. ஏர் ஏசியா பயணிகளும் காத்திருக்க நேர்ந்தது.

திறந்ததோ மூடியதோ, தொடர்ந்து கவனிக்கும் ஆள் இருக்கும் மென்பொருளே பாதுகாப்பானது.

வென்றது யார்?

வீட்டுக் கணினியில் லினக்ஸ் இன்றும் சிறுபான்மை. ஆனால் நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு திறன்பேசியின் அடியில் ஓடுவது லினக்ஸ் கருநிரல். உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. லினக்ஸ் தெரியாது என்று சொல்பவரும் ஒவ்வொரு நாளும் அதைப் பயன்படுத்துகிறார்.

பழைய எதிரிகளும் மாறிவிட்டனர். மைக்ரோசாப்ட் 2016இல் லினக்ஸ் அறக்கட்டளையில் சேர்ந்தது. திறந்த மூல நிரலர்களின் கூடாரமான கிட்ஹப்பை 2018இல் 750 கோடி டாலருக்கு வாங்கியது. ஐபிஎம் 2019இல் ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. விண்டோஸுக்குள்ளேயே இன்று லினக்ஸை ஓட்டலாம்.

ஆனால் பூட்டு மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு மென்பொருள் பூட்டியிருந்தது. இன்று மென்பொருளின் அடித்தளம் திறந்திருக்க, நம் படங்களும் ஆவணங்களும் நிறுவனங்களின் மேகக்கணினியில் இருக்கின்றன. மாதக் கட்டணம் நின்றால் கதவு அடைபடும்.

உரிமையாளர் மாறினால் என்னவாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஓப்பன் ஆபிஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. அதன் போக்கு பிடிக்காத நிரலர்கள், அதே ஆண்டில் நிரலைப் படியெடுத்துக்கொண்டு வெளியேறி, லிப்ரே ஆபிஸைத் தொடங்கினர். இன்று நாம் பயன்படுத்துவது அதைத்தான். தனியுரிமை மென்பொருளில் இப்படி வெளியேற வழியில்லை.

வீட்டுக்கும் சங்கத்துக்கும் சில குறிப்புகள்

பழைய கணினி வைத்திருப்பவர்கள் முதலில் அதைத் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றைக் கணினியில் நிறுவாமலேயே, யுஎஸ்பி விரலியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அருகலையும் அச்சுப்பொறியும் வேலை செய்கின்றனவா, தமிழ் எழுத வருகிறதா என்று சோதித்த பிறகு முடிவெடுக்கலாம். நிறுவுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். நிறுவும்போது பழையவை அழிந்துபோகக்கூடும்.

இணையம் பார்ப்பது, கடிதம் எழுதுவது, காணொளி பார்ப்பது, பிள்ளைகளின் டெலிமா பாடம் ஆகியவற்றுக்கு லினக்ஸும் ஓர் உலாவியும் போதும். ஆனால் குறிப்பிட்ட கணக்கியல் மென்பொருள், அலுவலகம் கட்டாயமாகக் கேட்கும் மென்பொருள், சில கணினி விளையாட்டுகள் ஆகியவை விண்டோஸில் மட்டுமே ஓடுபவையாக இருக்கலாம். அத்தகையோர் விண்டோஸிலேயே இருப்பது நல்லது; அங்கும் லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

ஆலயங்களும் சங்கங்களும் உறுப்பினர் பட்டியலையும் கணக்கையும் ஒரே மென்பொருளில் மட்டும் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவத்தில், பிடிஎஃப் ஆகவும் பொதுவான அட்டவணைக் கோப்பாகவும், எடுத்து வைக்க வேண்டும். செயலாளர் மாறினாலும் மென்பொருள் நிறுவனம் மூடப்பட்டாலும் பதிவுகள் நம்மிடமே இருக்கும்.

திருட்டு நகல் மட்டும் வேண்டாம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் அது குற்றம், சிங்கப்பூரிலும் அப்படியே. பூட்டை உடைக்கத் தரும் சிறு நிரலோடு தீநிரலும் சேர்ந்து வருவது வழக்கம். வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் அதைப் போடுவது, வீட்டுச் சாவியை முகம் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம். சட்டப்படி காசின்றிக் கிடைக்கும் மென்பொருள் இருக்கும்போது, அந்த ஆபத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை.